கிடாய்க்குச் சொன்ன பதில்

8 அக்டோபர் 2023
அலங்காநல்லூர்

தங்கச்சி அஸ்வினிக்கு,

அண்ணன் சோணை எழுதுகிறேன். அம்மா, அன்னக்கொடி, நான் மூன்று பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். கொல்கத்தாச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன தடவை வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தாய் என்று அம்மா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். நம் வீட்டில் போனை எடுத்தாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லும். தெருவில் போகிறவர்களும் நின்று உன்னிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வார்கள். நான் கேட்க வந்தது அப்படிக் கேட்கிற சங்கதி இல்லை.

நம் செவலைக் கிடாயை முத்திருளன் அண்ணன் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அதன் வம்சத்தில் ஒரு குட்டிகூட நம்மிடம் நிற்கவில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறார்கள். எங்கேயோ இருக்கிற காளையின் வித்தை உறையவைத்துக் குச்சியில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். ஆட்டுக்கு அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. உயிரணுவைச் சுற்றி இருக்கிற தோல் கொழுப்பால் ஆனது, குளிர வைத்தால் அது என்ன ஆகும் என்பதுதான் என் படிப்பு என்று நீ ஒரு தடவை சொன்னாய். அதனால் கேட்கிறேன். கிடாயின் வித்தை எடுத்து உறையவைத்து, பிறகு எப்போதாவது உருக்கினால், அதில் உயிர் இருக்குமா? இருக்கும் என்று சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு நீ சொல்ல வேண்டும்.

இந்த மாதம் முடிவதற்குள் பதில் போடு. அதற்குமேல் நாள் இல்லை.

எனக்குக் கழுத்தில் நெறி கட்டினாற்போல ஒரு வீக்கம். மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுவைக்காதே, பயந்துகொள்ளும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
சோணை


19 அக்டோபர் 2023
கொல்கத்தா

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துவிட்டேன். பிரித்துப் படித்தால் கிடாய்! சந்தோஷத்தில் பக்கத்து மேசைக்காரர்களிடம் எல்லாம் சொன்னேன். அம்மாவும் மதினியும் சுகம்தானே? கழுத்து வீக்கம் வற்றியதா? வற்றாவிட்டால் மறுபடி போய்க் காட்டுங்கள், விட்டுவிடாதீர்கள்.

கேட்டதற்கு வருகிறேன். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிப்போய் நிற்கும். பக்கத்தில் இருக்கிற நல்லெண்ணெய் அப்படியே ஓடும். இரண்டும் எண்ணெய்தான், ஆனால் உள்ளே இருக்கிற கொழுப்பு வேறு. தேங்காயெண்ணெயில் கொழுப்பின் வால்கள் நேராக இருக்கும். நெருக்கி அடுக்கிக்கொண்டு சீக்கிரம் உறைந்துவிடும். நல்லெண்ணெயில் வால்கள் வளைந்திருக்கும், நெருங்கி நிற்க முடியாது. உயிரணுவின் தோலில் இந்த இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. நடுநடுவே கொலஸ்ட்ரால் புகுந்து எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.

நான் நிஜ உயிரணுவைத் தொடுவதில்லை. வெறும் கொழுப்புகளை அளவு போட்டுக் கலந்து, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குமிழிகள் செய்கிறேன். உள்ளே ஒளிரும் சாயம் வைத்து மெதுவாகக் குளிர வைப்பேன். ஒரு பகுதி உறைந்து ஒரு பகுதி உறையாமல் நிற்கும்போது, இரண்டும் சேரும் விளிம்பு வழியாகச் சாயம் ஒழுகும். எந்தக் கலவை ஒழுகுகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

உங்களுக்காக, ஆட்டுக் கிடாயின் அணுவில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்று தேடிப் பிடித்து, அதே கணக்கில் குமிழி செய்து பார்த்தேன். கொலஸ்ட்ரால் மிகவும் குறைவு, வளைந்த வால்கள் அதிகம். குளிர வைத்து உருக்கினேன். சாயம் அநேகமாக எல்லாமே வெளியே வந்துவிட்டது. நிஜத்திலும் கிடாயின் வித்து உறைபனியைத் தாங்குவது சிரமம். பெரிய பண்ணைகளிலேயே திண்டாடுகிறார்கள். அதனால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள் அண்ணே. அதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவது வீண் அலைச்சல். கிடாயை முத்திருளன் அண்ணனுக்கே கொடுத்துவிடுங்கள்.

படிப்பு ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி வீட்டிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா!

உங்கள் பிரியமுள்ள
அஸ்வினி


2 நவம்பர் 2023
அலங்காநல்லூர்

அஸ்வினிக்கு,

உன் கடுதாசி வந்தது. விவரமாகப் புரிந்தது. தேங்காயெண்ணெய்க் கணக்கை அன்னக்கொடியிடமும் சொன்னேன். கிடாய் விஷயத்தை அத்தோடு விட்டாயிற்று.

எனக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறாம். கொஞ்ச நாள் மதுரைக்குப் போய்வந்து ஊசி போட வேண்டும் என்கிறார்கள். விளாங்குடியில் அன்னக்கொடியின் அக்கா வீட்டில் தங்கிக்கொள்வோம். நீ இதற்காக ரயில் ஏறி வர வேண்டாம். படிப்பை முடி.

மழைக்காலம், கொசு இருக்கும். பார்த்து இரு.

சோணை


14 ஜனவரி 2024
கொல்கத்தா

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளைக்குப் பொங்கல். இங்கே வெல்லம் வாங்கி வைத்திருக்கிறேன், ஹாஸ்டலில் அடுப்புக்கு யாரைக் கெஞ்சுவது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுத நினைத்தேன், ஆனால் அப்படி நினைக்க முடியவில்லை.

டிசம்பரில் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் போட்டால் நீங்கள் தூங்குவதாகச் சொல்கிறார்கள், காலை பத்து மணிக்கு. ஒரு நாள் பேசினீர்கள். குரல் உங்களுடையதாகவே இல்லை. வீடியோவில் வர மாட்டேன் என்கிறீர்கள். போன வாரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு கிடாய் கத்தியது. எந்தக் கிடாய் என்று கேட்டேன். "நம்ம செவலதேன். அத யாரு விக்கப் போறா?" என்று அம்மா சொன்னது.

அண்ணே, என்னிடம் எதை மறைக்கிறீர்கள்? என்ன ஊசி அது?

ஒரு வரியாவது எழுதுங்கள்.

அஸ்வினி


25 பிப்ரவரி 2024
விளாங்குடி, மதுரை

அன்பு அஸ்வினிக்கு,

மதினி அன்னக்கொடி எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? உன் பொங்கல் கடிதம் வந்தது. உன் அண்ணன் படித்தார். பதில் எழுதப் பேனாவை எடுத்தார், கை நடுக்கத்தில் வைத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதில் போட்டால் இந்த விளாங்குடி விலாசத்துக்கே போடு.

அவருக்கு நிணநீரில் புற்றுநோய். கழுத்தில் வந்தது அதுதான். நவம்பரிலிருந்து மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. குணமாகிவிடும் என்றுதான் டாக்டர் சொல்கிறார். முடி எல்லாம் கொட்டிவிட்டது, அதனால்தான் வீடியோவில் வரவில்லை. "படிப்பு முடியிற நேரம், அவகிட்டச் சொல்லிராத" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அத்தைக்கும் பாதிதான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மருந்து ஆரம்பிக்கும் முன்னால் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். "இந்த மருந்தால பிள்ளை உண்டாகுறதுல சிக்கல் வரலாம். இன்னும் குழந்தை இல்லைல? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுத்து உறைய வச்சுக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். வெளியே வந்ததும் உன் அண்ணன், "தங்கச்சி இதத்தான படிக்கிறா. கேட்டுக்கிருவோம்" என்றார். கூடப்பிறந்தவளிடம் இதை எப்படிக் கேட்பார் என்று எனக்கு ஓடவில்லை. உன் பதில் வந்த அன்று கரும்புக் காட்டில் நின்று படித்துவிட்டு வந்தார். "தாங்காதாம் அன்னக்கொடி. அவளே செஞ்சு பாத்துருக்கா. அலைய வேணாம்னு எழுதிட்டா" என்றார். எனக்கு அப்போது அழுகை வந்தது, அவ்வளவுதான். மறுவாரம் மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "யாரு சொன்னது தாங்காதுன்னு? இங்க வச்சுட்டுப் போய் எத்தனை பேரு பிள்ளை பெத்துருக்காங்க!" என்றார்கள். வீட்டுக்கு வந்து, "தங்கச்சிகிட்ட என்னன்னுதேன் கேட்டீக?" என்று கேட்டேன். "கிடாய்க்குக் கேட்டேன். கிடாய்க்கும் மனுசனுக்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நர்சம்மா சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே அஸ்வினி. நடந்தது நடந்துவிட்டது. நீ எழுதியதை நம்பித்தான் அவர் மனதைத் தேற்றி வைத்திருக்கிறார். இந்த உடம்போடு அதையும் அவர் தாங்க மாட்டார்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மதினி


24 மார்ச் 2024
கொல்கத்தா

மதினிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணனுக்கு இந்த வாரம் காய்ச்சல் இல்லையே? நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தேனே, ஊரில் இருந்த நாள் முழுக்க உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை. அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னை அலங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு ஒண்ணுஞ்சொல்லலன்னு நெனச்சுக்கிராத தாயி" என்றார். எனக்கு அப்போதே சொல்லிவிடத் தோன்றியது. பஸ் நகர்ந்துவிட்டது.

இங்கே வந்த மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மனித அணுவின் கொழுப்புக் கணக்கு என் மேசையில் இருந்த அதே அட்டவணையில், கிடாய்க்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. கொலஸ்ட்ரால் கிடாயைப்போல இரண்டு பங்குக்கும் மேலே. அந்தக் கணக்கில் குமிழி செய்து, அதே குளிரில் வைத்து, அதே மாதிரி உருக்கினேன். சாயம் பெரும்பாலும் உள்ளேயே நின்றது. செய்து பார்க்காமலே எனக்கு இது தெரியும் மதினி. இந்தத் துறையில் முதல் வருஷம் படிக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் செய்து பார்த்தேன்.

அண்ணன் கிடாயைக் கேட்டார், நான் கிடாய்க்குப் பதில் சொன்னேன். மனிதருக்கு எப்படி என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால்? எழுதுவதற்கு அன்று ஒரு காரணமும் இருக்கவில்லை. இதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி அவரிடம் சொல்ல மாட்டேன்.

அஸ்வினி


9 ஜூன் 2024
அலங்காநல்லூர்

தங்கச்சி அஸ்வினிக்கு,

அண்ணன் சோணை. இப்போது கை நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். மருந்து முடிந்துவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டினால் போதும். முடி முளைத்திருக்கிறது, முன்னைவிடச் சுருட்டையாக. அம்மா தடவித் தடவிப் பார்க்கிறது.

உன்னிடம் மறைத்தது தப்புத்தான். நீ வந்து போனது எனக்குப் பெரிய தெம்பு.

அம்மா இப்போது பிள்ளைப் பேச்சை எடுக்க ஆரம்பித்திருக்கிறது. சமயநல்லூரில் யாரோ மருந்து கொடுக்கிறார்களாம், அன்னக்கொடியைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்கிறது. அன்னக்கொடி வாய் திறப்பதில்லை. அவளைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் எனக்குள் ஒரு நிம்மதி உண்டு. நீ அன்றைக்குத் தெளிவாக எழுதினாய் பார், அது பெரிய ஒத்தாசை. இல்லாவிட்டால் கையில் இருந்ததை விட்டுவிட்டோமே என்று காலம் பூராவும் குமைந்துகொண்டே இருந்திருப்பேன். விடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் மனசு அடங்கிவிடுகிறது. நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். அதற்குமேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சோணை


3 ஆகஸ்ட் 2024
கொல்கத்தா

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தேறி வருவது எனக்கு எல்லாவற்றையும்விடச் சந்தோஷம். வெயிலில் காட்டு வேலைக்கு உடனே இறங்காதீர்கள்.

இங்கே விடாத மழை. ஹாஸ்டல் வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. துணி காயவில்லை. மீன் வாடைக்கு மூக்கு பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

மதினியைச் சமயநல்லூருக்கெல்லாம் அனுப்பவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மதினிமேல் ஒரு குறையும் இல்லை.

அஸ்வினி


12 ஜனவரி 2025
விளாங்குடி, மதுரை

அன்பு அஸ்வினிக்கு,

உன் படிப்பு வேலை முடியும் நேரத்தில் நல்ல செய்தியாக எழுத ஆசை. முடியவில்லை. அது திரும்பி வந்துவிட்டது. போன வாரம் ஸ்கேனில் நெஞ்சுக்குள் தெரிகிறது. அவர் போனில் உன்னிடம் சளி என்று சொன்னார் அல்லவா, சளி இல்லை.

இந்த முறை பெரிய வைத்தியம். கடுமையான மருந்து கொடுத்து, பிறகு அவருடைய சொந்த ரத்த அணுக்களையே எடுத்துவைத்துத் திரும்ப ஏற்றுவார்களாம். ஒரு மாதம் தனி அறை. பிழைத்து வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அதற்குப்பின் பிள்ளைக்கு வழியே இராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரே மறுபடியும் கேட்டார்: "போன தடவைதான் வேணாம்னுட்டீங்க. இப்ப அணு கொஞ்சம் திரும்ப ஊறியிருக்கலாம். பாத்துருவோமா?" உன் அண்ணன் எழுந்துவிட்டார். "என் தங்கச்சி அதத்தான் சார் ஆராய்ச்சி பண்றா. தாங்காதுன்னு செஞ்சே பாத்துட்டா" என்றார். அதில் ஒரு பெருமை வேறு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது, "அந்த டாக்டருக்குத்தேன் நல்லாத் தெரியுமாம்ல, ஒருக்காப் பாப்போமே" என்று சொல்லிப் பார்த்தேன். "டாக்டரு ஆயிரம் பேருக்குச் சொல்லுவாரு. அவ எனக்குன்னு செஞ்சு பாத்தா" என்றார். அதற்குமேல் நான் சொல்லி அவர் நம்பப் போவதில்லை.

மாதக் கடைசியில் அட்மிட் ஆக வேண்டும். நான் அன்றைக்கு உன்னைச் சொல்லாதே என்றேன். இப்போது என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

மதினி


18 ஜனவரி 2025
கொல்கத்தா

அன்புள்ள அண்ணே,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வந்தவுடன் தனியாக உட்கார்ந்து படியுங்கள். நோய் திரும்பியது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்க நான் இதை எழுதவில்லை. போனில் சொல்லத்தான் முயன்றேன், அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டது. இது நேராகச் சொல்ல வேண்டிய விஷயம். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருக்கிறது. பரவாயில்லை.

கிடாய்க்கு நான் சொன்னது சரி. உங்களுக்கு அது தவறு.

கிடாயின் அணுவில் கொலஸ்ட்ரால் குறைவு. அதனால் குளிரில் அதன் தோல் ஒரு பக்கம் உறைந்து ஒரு பக்கம் உறையாமல் நின்று கிழிந்துவிடுகிறது. மனிதனுடைய அணுவில் கொலஸ்ட்ரால் அதிகம். அது கொழுப்பைத் துண்டு துண்டாக உறைய விடாமல் பிடித்து வைக்கிறது. ஆடு, மாடு, பன்றி எல்லாவற்றையும்விட மனிதனுடையதுதான் குளிரைத் தாங்கும். அதிலும் பாதிபோல உருக்கும்போது செத்துப்போகும், ஆனால் மிச்சம் போதும். இதை என் குமிழியை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. என் குமிழி வெறும் கொழுப்பு, அதில் உயிர் கிடையாது. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் பல வருஷமாக இப்படிச் சேமித்து வைத்ததிலிருந்து குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமே ஆகியிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி.

முதல் மருந்து முடிந்து ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மருந்தில் அழிந்த அணு கொஞ்சம் திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் இருக்கலாம். ஒரே ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்தப் பெரிய வைத்தியம் தொடங்கிவிட்டால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அட்மிட் ஆவதற்கு முன்னால் போங்கள். நாளைக்கே போங்கள்.

இன்னும் ஒன்று. உங்களுக்காகத்தான் கேட்டீர்கள் என்பது போன பிப்ரவரியிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நீங்கள் நிம்மதி என்று எழுதிய கடிதத்துக்கு மழையைப் பற்றிப் பதில் எழுதினேன். அந்த நிம்மதியை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மதினிமேல் கோபப்படாதீர்கள், சொல்லாமல் இருந்தது என் முடிவு.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படுங்கள். ஆனால் போங்கள்.

அஸ்வினி


20 ஏப்ரல் 2025
விளாங்குடி, மதுரை

அன்பு அஸ்வினிக்கு,

அவர் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். உன்னிடம் போனில் சொன்னதுதான், ஆனால் அக்கா பக்கத்தில் இருந்ததால் பாதியை விழுங்கிவிட்டேன். உனக்கு உடம்புக்கு முடியாமல் இருந்ததே, இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்ததும் அவர் இரண்டு நாள் ஆட்டைக்கூட அவிழ்த்துவிடவில்லை. அடுத்த நாள் விடிந்ததும், "கெளம்பு. டாக்டரப் பாக்கணும்" என்றார். அங்கே கவுண்டரில் இருந்த பெண் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டது. பின்னால் வரிசையில் ஆட்கள். நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரே சொன்னார்: "சாம்பிள் குடுக்க வந்துருக்கேன்மா. ஒறைய வைக்கணும்." சத்தமாகத்தான் சொன்னார். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

கொஞ்சம்தான் இருந்தது அஸ்வினி. முதலிலேயே வந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை என்று அங்கே ஒருவர் சொன்னார். இருந்தவரைக்கும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு பட்ட பாட்டை எழுதவேண்டாம். நடுவில் ஒரு வாரம் காய்ச்சல் ஏறி, ஆள் எங்களுக்கு இல்லை என்றே நினைத்தேன். இப்போது கஞ்சி குடிக்கிறார்.

சொல்லாதே என்று உன்னைத் தடுத்தது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீ என்னைக் காப்பாற்றி எழுதியிருந்தாய், எனக்கு அது பொறுக்கவில்லை. என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தார், பிறகு பேசிவிட்டார். உன் பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் போன் வந்தால் என்னிடம் தருகிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

மதினி


5 அக்டோபர் 2025
அலங்காநல்லூர்

அஸ்வினிக்கு,

சோணை எழுதுகிறேன். நடக்கிறேன், சாப்பிடுகிறேன், கரும்புக் காடு வரை போய்வருகிறேன். ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. உனக்குப் பட்டம் கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. நீ எழுதிய மூன்று கடுதாசியும் வந்தது. படித்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். நான் கேட்டது கிடாய்க்கு, நீ சொன்னதும் கிடாய்க்கு, அதில் உன்மேல் எனக்கு எதுவும் இல்லை. ஆனால் தெரிந்த பிறகும் நீங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி வைத்திருந்தீர்கள். அதுதான் ஆறவில்லை. படுத்துக் கிடந்த மாதத்தில் இதை நிறைய யோசித்தேன். உங்களை அப்படி ஆக்கியது நான் கேட்ட விதம்தானே என்றும் தோன்றியது. இரண்டும் மாறி மாறி வருகிறது. அப்படியே எழுதிவிட்டேன்.

போன மாதம் அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். ஒன்று விடவில்லை. அது வெகுநேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தது. பிறகு, "அம்புட்டுக் குளுருல கெடந்தா வெறைச்சுப் போகாதாடா?" என்று கேட்டது. போகாது என்று சொன்னேன். ஏன் போகாது என்றும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

எடுத்துவைத்ததைப் போன வாரம் உருக்கினார்கள். எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்ததை வைத்து இரண்டு கரு வந்திருக்கிறது. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை அன்னக்கொடிக்கு ஒன்று வைக்கிறார்கள். தங்கும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. தங்காமலும் போகலாம் என்றுதான் இரண்டு தடவை சொன்னார். அன்னக்கொடி எதற்கும் தயாராக இருக்கிறாள். நான்தான் தைரியமாக இருப்பதுபோல நடந்துகொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அவளோடு உள்ளே போகவும், அதற்குப்பின் கொஞ்ச நாள் கூட இருக்கவும் ஒரு ஆள் வேண்டும். அவள் அக்கா வாரேன் என்று சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ வர வேண்டும் அஸ்வினி. வருவாயா?

அண்ணன்
சோணை